ஏலத்துக்கு வந்த மாத்திரைச் சீசா

சித்தூர்,
11-2-1974

என் அன்பு மகள் லோயிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் இங்கே சுகம், உன் நைனாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது அவராகத் தேடிக்கொண்டது, ஏன் என்று கீழே எழுதுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் நீ இருமல் சளி இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று காலை மாலை ஜெபித்து வருகிறோம். போன மாதம் நீ எழுதிய கடிதம் கைக்குக் கிடைத்தது. பதில் தாமதமானதற்குத் தபால்காரரைத் திட்டாதே, அவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், எழுத வேண்டிய நான்தான் எழுதாமல் கடிதத்தை பைபிளுக்குள் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருந்தேன். நீ கேட்டிருந்தது அப்படி. எங்கள் திருப்பதிக் காலேஜும் இங்குள்ள காலேஜும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது, புதுப்பித்தால் நான் இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம், புதுப்பிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், புதுப்பிக்க ஜெபம் பண்ணு அம்மா, ஆனால் புதுப்பித்த பிறகும் நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஜெபம் பண்ணினேன். பண்ணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற காரியங்களுக்கெல்லாம் வாய்விட்டு ஜெபித்தேன், இதற்கு மட்டும் மனசுக்குள், கொஞ்சம் மெதுவாக ஜெபித்தேன். ஜூலைக்கென்று உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

உன் அறை என்றதும் பியோனாவைப் பற்றி எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் படிப்பு, ஆராய்ச்சி, ஆசிரியர் மாற்றம் என்று என்னவெல்லாமோ இருக்கிறதாம், எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெண் அங்கே போனாள், அவர்கள் பெண் இங்கே வந்தாள் என்பதுதான். டாக்டர் என்று பெயர், பார்த்தால் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிற பெண் மாதிரி இருக்கிறாள், உயரம் மட்டும் கதவு நிலையில் இடிக்கிறது. உன் கட்டிலில் படுத்தால் கால் இரண்டும் வெளியே நிற்கிறது என்று உன் நைனா அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் திருப்பதிக்கு பஸ்ஸில் போய் உங்கள் காலேஜில் பாடம் எடுக்கிறாள், மற்ற நாளெல்லாம் நம் தெருக்களில் ரத்தம் எடுக்கிறாள். தெருவைச் சுற்றிக் காட்ட நம் சபை ரத்னம்மாவை நான்தான் துணைக்கு அனுப்பினேன். அதனால் தமிழும் ரத்னம்மாவிடம்தான் கற்றுக்கொண்டாள். நான் முப்பது வருஷம் மிஷன் ஸ்கூலில் இலக்கணத் தமிழ் நடத்தியவள் ஒரே வீட்டில் இருக்கிறேன், என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலன் என்ன ஆயிற்று தெரியுமா, திருப்பதியில் புரொபசர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பிரின்சிபாலைப் பார்த்து, இன்னா சார், சோறு துன்னுட்டிங்களா என்று மரியாதையாக விசாரித்தாளாம். அவர் தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகத் தெரிந்தவர், சிரிப்பதா கோபிப்பதா என்று புரியாமல், ஆயிந்தம்மா ஆயிந்தி என்று, ஆயிற்று என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை அவளே வந்து பெருமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. நல்ல மனசுள்ள பெண், உன் பழைய வாயில் துணிப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறக் கட்டிக்கொண்டு அவள் திரிவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், சில நாள் வேறு மாதிரியும் வரும்.

அவள் செய்யும் ஆராய்ச்சி உனக்குத் தெரியாததில்லை, உன் புரொபசர் மர்டாக் வகுத்துக் கொடுத்ததுதான், ஆனாலும் எனக்கு எப்படிப் புரிந்தது என்று எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்திக்கொள். சோகை பிடித்த பெண்களுக்கு ஆறு மாதம் தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு இரும்புச் சத்து உள்ள நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாத சும்மா மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. யாருக்கு எது என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற பியோனாவுக்கும் தெரியாது, அந்த விவரம் உறைபோட்டு உங்கள் ஊரில் இருக்கிறது. சும்மா மாத்திரை என்றதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வெறும் மாவை உருட்டிக் கொடுத்து ஏழைகளை ஏமாற்றவா கப்பல் ஏறி வந்தாய் என்று கேட்டேன். அவள் பொறுமையாக, அப்படிப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, மனசு வேலை செய்கிறதா என்று தெரியும் அம்மா, சோகை அதிகம் உள்ளவர்களை இதில் சேர்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன், ஆறு மாதம் முடிந்ததும் எல்லாருக்கும் நிஜ மாத்திரை உண்டு என்று சொன்னாள். அதன் பிறகுதான் நான் சரி என்றேன். ஆனால் பெண்கள் சரி சொல்ல வேண்டுமே. இது பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை, சர்க்கார் வெள்ளைக்காரியை விட்டு நைசாகக் கொடுக்கிறது என்று எவனோ டீக்கடையில் கிளப்பிவிட்டான். பியோனா தெருவுக்குள் வந்தால் பெண்கள் பின்வாசல் வழியாக ஓடினார்கள். அவள் வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். மாதர் சங்கத் தலைவி என்று நான் எதற்கு இருக்கிறேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னேன், சபைப் பெண்களை மட்டுமில்லை, பக்கத்துத் தெருப் பெண்களையும். எல்லார் முன்னாலும் ஒரு மாத்திரையை நானே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டினேன், அன்றைக்கு முழுதும் வயிற்றுக்குள் மாட்டுவண்டி ஓடியது, முகத்தில் காட்டவில்லை. பிறகு பேசினேன். இது ஆண்டவர் கடல் கடந்து நமக்கு அனுப்பியிருக்கிற நன்மை, கையில் வந்த நன்மையை எப்படி வாங்க வேண்டுமோ அப்படி வாங்குங்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். கூட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த இடத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

பியோனா எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மாத்திரையைப் பத்துப் பத்தாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காலிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பொட்டலம். நம் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைப்பது உனக்குத் தெரியும், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று பானையில் போடாமல் அரிசி களைய மாட்டார்கள். கோழி பத்து முட்டை போட்டால் ஒன்று கோயிலுக்கு, மாமரம் காய்த்தால் பத்தில் ஒன்று கோயிலுக்கு. பஞ்ச காலத்தில் பால் பவுடர் கொடுத்தபோது அதிலேயே பத்தில் ஒரு பங்கைத் தசமபாகம் என்று கொண்டுவந்து சபைக் குரு ஜெபதாஸ் ஐயரின் மேஜையெல்லாம் வெள்ளையாக்கியவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு நன்மையை, அதுவும் எண்ணிப் பத்தாக மடித்துக் கொடுத்தால் என்ன செய்வார்கள். ஒரு மாத்திரையை எடுத்துப் பிடி அரிசியோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பக்கத்துத் தெருப் பெண்களும் கொடுத்தனுப்பினார்கள். அரிசியிலிருந்து மாத்திரையைப் பொறுக்குவது கஷ்டமாக இருக்கிறதே என்று நான்தான் ஒரு காலி ஆர்லிக்ஸ் சீசாவைக் கழுவித் துடைத்து, கோயில் அலமாரியில் அரிசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பெண்கள் எவ்வளவு பக்தியாக இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. பியோனாவிடம் ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். ஏன் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறாள், பைபிள் படிக்கிறாள், நமக்கு பைபிளைக் கொண்டுவந்து கொடுத்ததே வெள்ளைக்காரர்கள், தசமபாகம் அவளுக்குத் தெரியாதென்று நான் கனவா கண்டேன். அவள் காலிக் காகிதங்களை எண்ணி, பத்தும் விழுங்கியாயிற்று என்று வாரா வாரம் உன் புரொபசருக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் முடிகிற நேரத்துக்குச் சரியாக உன் புரொபசர் மர்டாக் வந்து இறங்கினார். ஆராய்ச்சி எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று சொல்வதற்கு வந்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை நமக்கு அறுப்பின் பண்டிகை. ஜெபதாஸ் ஐயர் ஆசையாகக் கூப்பிட்டார் என்று புரொபசரும் திருப்பதியிலிருந்து பிரின்சிபாலும் சிறப்பு விருந்தினராக வந்து மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களுக்கெல்லாம் கோயில் காம்பவுண்டில் ஏலம். ஏலம் போடுவது எப்போதும் போல உன் நைனா. பாகாலா ஜங்ஷனில் ரயில் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, ரிட்டயர் ஆன பிறகு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அதற்கு வேலை. ஆடுகிற பெஞ்சு வேண்டாம், தரையில் நின்று போடுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை, ஏறிவிட்டார். முதலில் நெல் மூட்டை, பிறகு கோழி, பிறகு காய்கறி. புரொபசருக்கு ஒரே குஷி. அவரும் கை தூக்கி ஒரு பெரிய பூசணிக்காயை ஏலம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரின்சிபாலுக்கு மரியாதைக்காக ஐயரம்மாவே ஒரு கோழியை எடுத்து அவர் நாற்காலிக் காலில் கட்டிவிட்டார்கள். அப்புறம் உன் நைனா பெஞ்சின் மேல் நின்றபடியே ஆர்லிக்ஸ் சீசாவைத் தூக்கி வெயிலில் காட்டினார். சீம மாத்திர, ரத்தம் ஊறுற மாத்திர, சீசா தளும்பத் தளும்ப, யாரு கேக்கறது என்று ஒரு குரல் கொடுத்தார். வருஷா வருஷம் ஏலத்துக்கு மட்டும் நம் கோயிலுக்கு வருகிற பால்காரர் முனிசாமி உடனே, எனுக்குக் குடு நைனா, என் எரும செனையா கீது, சோந்து சோந்து படுத்துக்குது என்று இரண்டு ரூபாய்க்குக் கேட்டார்.

பியோனா ஐயரம்மாவோடு பின்னால் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சீசாவைப் பார்த்ததும் செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அத்த யாருக்கும் குடுக்காத நைனா, நானு எட்த்துக்கறேன் என்று ரத்னம்மா குரலிலேயே ஒரு கூப்பாடு. உன் நைனாவுக்கு விஷயம் என்ன தெரியும், போட்டி வந்துவிட்டது என்று உச்சி குளிர்ந்துபோய், டாக்டரம்மா மூணு ரூபா, மூணு ரூபா என்றார். முனிசாமி விடுவாரா, டாக்டரம்மாவே ஆசைப்படுகிற மருந்தென்றால் எருமைக்கு எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு அவரும் ஏற்றினார். அவள் அழுகிற குரலில் ஏற்ற, அவர் பிடிவாதமாக ஏற்ற, புரொபசர் பூசணிக்காயின் மேல் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் உற்சாகப்படுத்தினார். கடைசியில் எருமையே வாங்கிவிடலாம் போலிருக்கிறதே என்று முனிசாமி விட்டுவிட்டார். சீசா பியோனா கைக்கு வந்தது. அவள் அதை அப்படியே கொண்டுபோய்ப் புரொபசர் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் முகத்தில் இருந்த குஷி மெதுவாக இறங்கியது. என்னமோ ஏதோ என்று உன் நைனா பெஞ்சிலிருந்து குதித்தார், பெஞ்சும் கூடவே குதித்தது, முழங்கால் கதை அதுதான். இப்போது நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருக்கிறார், சபைக்காகப் பட்ட காயம் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறார்.

ஐயர் வீட்டு முன்னறையில் கூடினோம். புரொபசர் பூசணிக்காயைக் கீழே வைக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிரின்சிபாலின் கோழியை வெளியே கட்டியிருந்தாலும் அதன் சத்தம் உள்ளே கேட்டது. புரொபசர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. இந்தப் பெண்கள் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை, கணக்கு முழுதும் வீண், இதை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி எங்கள் காலேஜில் நான் யார் முகத்தைப் பார்ப்பேன் என்று மெல்லச் சொன்னார். பிரின்சிபாலுக்கு அவமானம் தாங்கவில்லை. தெலுங்கில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம், இங்கிலீஷில் மீதி என்று ஐயரைத் திட்டிவிட்டு, சரி விடுங்கள், அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு என்று முடித்தார். லோயிஸு, உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மனசு துள்ளியது. அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு என்றால் ஜூலையில் நீ. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் கூட இல்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். உட்கார்ந்துதான் இருந்தேன். அப்போது பியோனாவைப் பார்த்தேன். மூலையில் நின்றுகொண்டு சத்தம் வராமல் அழுது, உன் பழைய புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ ஓர் அறையில் என் பெண் இப்படி நின்று அழுதால், விஷயம் தெரிந்த ஒரு பொம்பளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவளுக்கு நான் என்ன சாபம் கொடுப்பேன் என்று நினைத்தேன். எழுந்துவிட்டேன்.

சாப்பிடவில்லை என்று யார் சொன்னது, பத்தில் ஒன்றுதான் இந்தச் சீசாவில் இருக்கிறது, மீதி ஒன்பதும் வயிற்றில் இருக்கிறது என்றேன். என் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்தது, கணக்குப் புரியவில்லை. தசமபாகத்தை முதலிலிருந்து விளக்கினேன். ஒன்றைப் போட்டுவிட்டு மீதியைத் தின்றார்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். வெளியே பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ரத்னம்மாவைக் கூப்பிட்டேன். சாம்பார் கரண்டியோடு வந்தாள். அவளுக்கு இந்தக் கேள்வியே கோபம். இன்னாம்மா கேக்கறாரு இவுரு, ஆண்டவர்க்கு காணிக்க எட்த்து வெச்சிட்டு மீதிய துன்னாம தூரப் போட்டா அது பொய்க் காணிக்க ஆயிடாதா, ஒம்போது துன்னாத்தான ஒண்ணு அவுருக்கு, துன்னாதத்துக்கு தசமபாகம் குடுத்து அவுரையே ஏமாத்த சொல்றாரா, கேட்டு சொல்லும்மா என்றாள். நான் மொழிபெயர்த்தேன், பிரின்சிபாலைப் பற்றி அவள் சேர்த்துச் சொன்னதை விட்டுவிட்டேன். புரொபசர் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, அப்படியானால் இதை எண்ணலாம் என்று பூசணிக்காயைக் கீழே வைத்தார்.

வாழை இலையில் சீசாவைக் கவிழ்த்து இரண்டு காலேஜும் ஒன்றாக உட்கார்ந்து எண்ணின. உன் நைனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏலக் குரலில் எண்ணி எல்லாரையும் இரண்டு தடவை குழப்பினார், ஐயர் அவரைப் பக்கத்து அறையில் படுக்கவைத்தார். கொடுத்த பொட்டலம் எத்தனையோ அத்தனை மாத்திரை சீசாவில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வந்து ஒரே ஒரு ஆளுடைய பங்கு மட்டும் குறைந்தது. ரத்னம்மா கையிலேயே கணக்குப் போட்டு, இது நம்ம வெங்கடம்மாதான் என்றாள். பக்கத்துத் தெரு வெங்கடம்மா நம் சபை இல்லை, ஆனாலும் என் பேச்சைக் கேட்டுத்தான் மாத்திரை வாங்கியவள். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தோம். அவள் ஒரு சங்கடமும் இல்லாமல் சொன்னாள், பத்துல ஒண்ணு சாமிக்குன்னு எல்லாரும் எட்த்து வெச்சாங்க, நானும் எட்த்து வெச்சேன், உங்க சாமிக்கு நீங்க போட்டீங்க, என் சாமிக்கு நான் போட வேணாமா, போன வாரம் பேரனுக்கு மொட்ட போட திருப்பதி மல மேல போனப்போ முந்தானைல முடிஞ்சி எட்த்துக்கினு போயி உண்டியல்ல போட்டுட்டேன். புரொபசர் அது எந்த உண்டியல், போய்த் திருப்பி வாங்கி வரலாமா என்று கேட்டார். பிரின்சிபால் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சார், அந்த மலை மேல் உண்டியலில் விழுந்தது விழுந்ததுதான், இது வரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை என்றார். ஆனால் வெங்கடம்மா எத்தனை போட்டாள் என்று கேட்டால் சரியாகச் சொன்னாள், குறைந்ததும் அவ்வளவேதான்.

அப்புறம்தான் புரொபசர் மனிதர் என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. மூன்று தேசத்தில் இதே ஆராய்ச்சி செய்திருக்கிறாராம். எல்லா ஊரிலும் பெண்கள் காலிக் காகிதத்தைக் காட்டி எல்லாம் விழுங்கியாயிற்று என்பார்களாம், விழுங்கினார்களா கோழிக்குப் போட்டார்களா என்று யாருக்குத் தெரியும். பத்தில் ஒன்பது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஊர் இந்த ஒன்றுதானாம். மறுநாள் எல்லாரையும் வரவழைத்து விரலில் குத்தித் திரும்ப ரத்தம் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நன்றாக ஏறியிருக்கிறது, உறையைப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு, ஆனால் இதுவே போதும் என்றார். முன்னால் எதை வாங்கியிருந்தாலும் எல்லாருக்கும் நிஜ மாத்திரை கொடுத்தாகிவிட்டது, இந்த முறை பன்னிரண்டு போட்டு மடிக்கச் சொன்னேன், அப்படியும் பெண்கள் பத்துக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டு மீதி இரண்டுக்கு என்ன செய்வதென்று ஐயரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை திருப்பதியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆயிற்று. இன்னும் மூன்று வருஷம். என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு உன் புரொபசர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களால்தான் இது நடந்தது, அதற்கு எங்கள் நன்றியாக உங்கள் மகளை மூன்று வருஷம் எங்களோடேயே வைத்துக்கொள்கிறோம் என்றார். பெரிய பரிசு கொடுக்கிற முகம். நானும் தேங்க்யூ என்று சிரித்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன் என்று பியோனா சொன்னாள். சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். கண்ணில் தூசி என்று சொன்னேன். அந்தப் பெண் டாக்டராயிற்றே, கண்ணைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கர்ச்சீப்பை மட்டும் கொடுத்தாள். மறுநாள் உன் நைனா சுண்ணாம்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து முழங்காலுக்கு எண்ணெய் கேட்டார்.

மற்றபடி ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. முனிசாமியின் எருமை மாத்திரை இல்லாமலே கிடாரிக் கன்று போட்டது, சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார், பியோனா அதைத் துன்னுவேன் என்று அடம் பிடித்துத் தின்றாள். இந்த வருஷம் மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா என்று போன கடிதத்தில் கேட்டதற்குப் பதிலில்லை, வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ரத்தச் சோகை ஆராய்ச்சி செய்கிறவளுக்கே சோகை வந்தால் ஊர் சிரிக்கும், உன் ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள். புரொபசர் அந்தப் பூசணிக்காயை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்து நம் வீட்டிலேயே விட்டுவிட்டார், அதைக் கூட்டு வைத்துவிட்டோம் என்று அவரிடம் சொல்லாதே, பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

நீ கேட்டதற்கு இனிமேலும் பதில் எழுதாமல் இருக்க முடியாது. ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, வா என்று நான் எழுதினால் நீ வந்துவிடுவாய், சொன்ன சொல் தவறாத பெண், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாதர் சங்கத் தலைவியாக என்னைக் கேட்டால், இருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு வா, நம் சபையிலிருந்து இப்படி ஒருத்தி படித்தாள் என்று பெருமையாகச் சொல்வேன் என்று எழுதுகிறேன். அம்மாவாக என்னைக் கேட்காதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதித்து, நல்ல சுகத்தோடு உன்னை எங்கள் கண்ணில் காட்டுவாராக. உன் நைனா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஜெபத்தை விடாதே, கம்பளிச் சாக்ஸைக் கழற்றாதே, புரொபசர் கேட்டால் இருக்கச் சம்மதம் என்று உடனே சொல், நான் இரண்டாவது தடவை யோசிக்க ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
திருமதி ஞானசௌந்தரி நேசகுமார்,
தலைவி, மாதர் சங்கம், சித்தூர்.